வாங்கின விலை வரட்டும்

சிங்கப்பூர், 2 ஏப்ரல் 1910

என் உயிருக்கு உயிரான பதுருன்னிசாவுக்கு, ஸலாம்.

சந்தோஷச் செய்தி. ஐந்து டாலருக்கு வாங்கிய ரப்பர் தோட்டக் கம்பெனிப் பங்கு இன்று பதினாறு! வெள்ளைக்காரத் துரையிலிருந்து ரிக்‌ஷாக்காரன் வரை ஊருக்கே ரப்பர் பைத்தியம். என் கடைக் கூட்டாளி அப்துல் அலீம் பன்னிரண்டிலேயே விற்றுவிட்டான். அவனைக் கேலி செய்யாத ஆள் தஞ்சோங் பகாரில் இல்லை.

தெலுக் ஆயர் தர்காவில் நேர்ச்சை வைத்திருக்கிறேன். விலை இருபதைத் தொட்டதும் விற்றுவிட்டுக் கப்பலேறி வந்து, நாகூர் தர்காவில் எஜமானுக்குப் போர்வை போர்த்துவேன். பிறகு உன்னை விட்டு எங்கும் போகமாட்டேன்.

உன் ஜலாலுதீன்

காரைக்கால், 25 ஏப்ரல் 1910

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

பதினாறுக்கு என்ன குறைச்சல்? அந்த மரத்தை ஒரு நாளாவது நேரில் பார்த்தீர்களா? நிக்காஹ் முடிந்த கையோடு கப்பலேறிச் சபர் போனவர், எட்டு வருடத்தில் ஒரே தடவைதான் வந்தீர்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். நான் இன்னும் புதுப்பெண்ணாம்!

விற்றுவிட்டு வாருங்கள். எனக்கு நீங்கள் வந்தால் போதும்.

பதுருன்னிசா

சிங்கப்பூர், 14 ஆகஸ்ட் 1910

கண்மணிக்கு,

விலை ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. “இப்பவும் லாபந்தானே பாய், வித்துட்டு ஊருக்குப் போங்க” என்கிறான் அலீம். அவனுக்கென்ன, சொல்லிவிடுவான்! பதினாறாக இருந்ததை ஒன்பதுக்குக் கொடுத்தால் ஏழு டாலரை நானே கடலில் எறிந்த கணக்கல்லவா? விற்றால்தான் நஷ்டம், விற்காதவரை ஒன்றுமில்லை. மேலும், இருபதுக்கு என்று நேர்ந்துவிட்டு ஒன்பதுக்கு விற்றால் நேர்ச்சை என்னாவது? எனக்குப் பயமாயிருக்கிறது. கொஞ்சம் பொறு.

ஜலாலுதீன்

காரைக்கால், 10 செப்டம்பர் 1910

அன்புள்ள மச்சானுக்கு,

கோபிக்காதீர்கள். உங்கள் நேர்ச்சையை நானே முடித்துவிட்டேன். காதில் கிடந்ததை விற்றுப் போர்வை வாங்கி, உம்மாவோடு நாகூர் போய்க் கொடுத்தேன். “புருஷனுக்காகப் பொண்டாட்டி கொடுத்தா செல்லுமா?” என்று தர்கா லெப்பையிடம் கேட்டேன். “தாராளமாச் செல்லும் புள்ள” என்றார்.

இனி உங்களுக்குக் கட்டு எதுவும் இல்லை. கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த கப்பலில் வாருங்கள். வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பதுருன்னிசா

சிங்கப்பூர், 3 அக்டோபர் 1910

என் தங்கமே,

உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேன். போர்வை அங்கே ஏறிவிட்டதென்றால் விலை இங்கே ஏறாமல் போகுமா? நேர்ச்சையை எஜமான் முன்னதாகவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்! இப்போது விலை நான்கு. இப்படி மலிவாக இனி எப்போது கிடைக்கும்? கடையில் என் பாதியை அலீமுக்கே எழுதிக் கொடுத்து, அந்தப் பணத்துக்கும் பங்கு வாங்கிவிட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். மூடன்.

இருபதுகூட வேண்டாம். வாங்கின விலைக்கு மேல் கொஞ்சம் வரட்டும், உடனே புறப்படுகிறேன்.

உன் ஜலாலுதீன்

காரைக்கால், 18 ஜூன் 1911

ஜலாலுதீன் அவர்களுக்கு,

விலை இரண்டுக்கு வந்துவிட்டதென்றும், நீங்கள் அதே கடையில் சம்பளத்துக்கு நிற்கிறீர்கள் என்றும் அலீம் பாய் தம் வீட்டுக்கு எழுதியிருக்கிறார். இன்னமும் விற்கவில்லையாம். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. என்னை நினைத்துத்தான் வெட்கமாயிருந்தது.

நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? இத்தனை வருடம் காத்தாயிற்று, இப்போது விட்டால் அவ்வளவும் வீணாகிவிடுமே என்று ஒவ்வொரு வருடத்தையும் பிடித்துவைத்திருந்தேன். அவ்வளவும் வீண்தான். சொல்லிவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று பயந்தேன். வெடிக்கவில்லை.

இந்த நிக்காஹை முறித்துத்தரச் சொல்லிக் காஜியாரிடம் குலா கேட்டிருக்கிறேன். நிக்காஹ் அன்று நீங்கள் தந்த மஹரைத் திருப்பித் தருகிறேன். நீங்கள் கையெழுத்திட வேண்டிய தாள் இத்துடன் இருக்கிறது.

இதையாவது, விலை வரட்டும் என்று வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

பதுருன்னிசா