பானட்டுக்குள் பூசிய கரி

1974 நவம்பர் 1, வெள்ளி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். பங்களாவில் இருப்பவர்களிடமும் கம்பெனி டாக்டரிடமும் காட்டவே காட்டாதீர்கள்.

அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கண்ணுக்குள் புகை நிற்கிற மாதிரி இருக்கிறதாம். பகலில் ரோட்டைப் பழக்கத்தில் ஓட்டிவிடுகிறார். கிட்டத்தில் இருக்கும் சின்னப் பொருள்தான் தெரிவதில்லை. சாயங்காலம் ஆனால் எதுவுமே தெரியாது. இது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். இந்தத் தேயிலை எஸ்டேட்டின் மேனேஜர் துரைக்குத் தெரிந்தால் டிரைவர் வேலை போகும், இந்த டிரைவர் வீடும் போகும். அம்மா கொழுந்து எடுக்கும் கூலியில் மட்டும் சாப்பிட முடியாது. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கொழுந்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

துரை பட்டாளத்தில் இருந்தவர். சனிக்கிழமை காலையில் காரின் பானட்டைத் திறக்கச் சொல்லி, வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி, பேட்டரிக்குப் பின்னால் இருக்கிற குழாயில் தேய்த்துப் பார்ப்பார். கைக்குட்டையில் அழுக்கு ஒட்டினால் அன்று அப்பாவுக்கு வசவு. அதனால் வெள்ளிக்கிழமை அப்பா காரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எஞ்சினைத் துடைக்கிறேன். அப்பா பானட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ரோட்டில் போகிறவர்களுக்கு அவர்தான் துடைக்கிறார், நான் துணி எடுத்துக் கொடுக்கிறேன் என்று தோன்றும்.

அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். "டிஸ்ட்ரிபியூட்டர்ல பிளாஸ்டிக் கட்டுனியாட்டி? தண்ணி ஊத்தாத, ஈரத் துணிதான். மண்ணெண்ணெயத் தொட்டுத் தேய்ச்சி, சோப்புத் துணி, அப்புறம் காஞ்ச துணி." கடைசியில் ரப்பர் குழாய்களில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் புதுசு மாதிரி மினுங்கும்.

அம்மா உள்ளே இருந்து கத்தினாள். "வெளக்குக்கு இல்லாத மண்ணெண்ணெய் வண்டிக்கு ஊத்துங்க. நாங்க இருட்டுல தடவிக்கிடுதோம்."

அப்பா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மாவும் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். பிரேக் ஆயில் டப்பாவுக்குக் கீழே ஈரமாக இருந்தது. துடைத்தேன். துணியோடு கறுப்புப் பெயிண்டும் வந்துவிட்டது. உள்ளங்கை அளவுக்கு, கொப்புளம் உடைந்த தோல் மாதிரி. நான் தேய்த்த மண்ணெண்ணெய்தான் தின்றுவிட்டதோ? அப்பாவிடம் சொல்லப் பயம். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அந்த இடத்தில் பூசிவிட்டேன். பார்த்தால் தெரியாது.

நாளை கைக்குட்டை அங்கே படக் கூடாது. மாரியாத்தா.

நவம்பர் 2

படவில்லை. "கொள்ளாம், கருத்தப்பாண்டி, கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினாராம் துரை. அப்பா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "எம் மவ கை வச்சா ஒரு தூசி நிக்காது" என்று அம்மாவிடம் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

மறுபடியும் ஈரம். கரி கரைந்து வழிந்திருந்தது. இந்த முறை பெயிண்ட் இன்னும் அகலமாக உரிந்திருக்கிறது. அந்த இடத்தில் நான் மண்ணெண்ணெய் தொடவே இல்லையே! பின் எப்படி?

துடைத்துவிட்டு மறுபடி கரி பூசினேன். வேறு என்ன செய்ய?

தீபாவளிக்குத் துணி எடுக்க துரையம்மாவும் பிள்ளைகளும் திங்கட்கிழமை கோட்டயம் போகிறார்களாம். அப்பாதான் ஓட்டுகிறார்.

நவம்பர் 10, ஞாயிறு



பகலில் சின்னமுத்து மாமா வந்திருந்தார். ஃபேக்டரியில் ஃபிட்டர். அப்பாவுக்குக் கூட்டாளி. டீத்தூள் லாரியைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கிளீனர் பய என்ன பண்ணிருக்கான் தெரியுமாண்ணே? பிரேக் ஆயிலு ஒழுகுது, இவன் தெனம் துடைச்சித் துடைச்சி வைக்கான். சுத்தமாம்! பெயிண்டு பூரா தோலு உரிஞ்சி நிக்கி. பிரேக் ஆயிலு பட்டா பெயிண்டு புண்ணாப் போவும்லா, அதக்கூடவா தெரியாது?"

"பெறவு?" என்றார் அப்பா.

"பெறவென்ன, பிரேக்க மிதிச்சா கால் தரையில போயி உக்காருது. நல்லவேளை ஷெட்டுக்குள்ள. மலையில எறங்கையிலன்னா இந்நேரம் எல்லாருக்கும் பாலூத்திருப்போம்!"

அப்பாவும் சிரித்தார். நான் கையிலிருந்த டம்ளரை நழுவ விட்டேன். "கல்யாணத்துக்கு நிக்கவ, ஒரு டம்ளரப் புடிக்கத் தெரியல" என்று அம்மா திட்டினாள்.

அந்தக் கிளீனர் நான்தான். ஒழுகியதை எல்லாம் துடைத்து மறைத்தது நான்தான்.

மாமா போன பிறகு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கரியையும் சொன்னேன். அப்பா எழுந்து போய், நாளைப் பயணத்துக்குத் துடைத்து வைக்க வாசலுக்குக் கொண்டுவந்திருந்த காரின் பானட்டைத் தூக்கி, டப்பா மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நெறஞ்சிருக்கு. போ."

"அப்பா, நான் ஒருக்கா பாக்கட்டா—"

"நெறஞ்சிருக்குன்னு சொல்லுதேன்லா! எனக்கு வண்டி தெரியாதா? நேத்துப் பொறந்தவ நீ சொல்லுதியோ?"

மூடியை முறுக்கிப் பானட்டைப் படாரென்று மூடிவிட்டு, காரைப் பங்களாவில் விடப் போய்விட்டார். அவரால் அந்த டப்பாவுக்குள் பார்க்க முடியாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் கத்தினார்.

ஒருவேளை நிறைந்தே இருந்தால்? அப்போது நான் சும்மா வாயைத் திறந்து வீட்டைத் தொலைத்தவள் ஆவேன். குறைந்திருந்தால்? கோட்டயம் ரோட்டில் குட்டிக்கானத்திலிருந்து கீழே முழுக்க வளைவுகள்தான். துரையம்மாவின் சின்னப் பெண் எப்போதும் முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அப்பாவும்தானே அந்தக் காரில்...

நவம்பர் 11, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி ஃபேக்டரிக்கு ஓடினேன். மாமா கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு என்னோடு பங்களாவுக்கு வந்தார். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிப் பானட்டைத் திறந்தார். டப்பாவுக்குள் ஒரு ஈர்க்குச்சியை விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் நனைந்திருந்தது. கரியை விரலால் வழித்தார். கீழே தகரம் தெரிந்தது.

"பாண்டியண்ணே, இதப் பாக்கலியா?"

அப்பா காரிலிருந்து இறங்கி நின்றார். துரை படியிறங்கி வந்தார். நான் கரி பூசியதை நானே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"நேத்துப் பாத்தேங்கய்யா. எனக்குத் தெரியல. கண்ணு தெரியலய்யா. பிள்ளை மேல குத்தமில்ல."

துரை கத்துவார் என்று நினைத்தேன். அவர் தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் காரிலிருந்து இறக்கினார். பிறகு அப்பாவிடம் கையை நீட்டினார். அப்பா சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது அந்தக் கை எங்கே இருக்கிறது என்று தடவினார். அதை எல்லாரும் பார்த்தார்கள்.

நவம்பர் 12

அம்மா என்னோடு பேசவில்லை. "ஒரு நாளு அவருக்கு வயித்து வலின்னு சொல்லி வண்டி எடுக்க விடாம பண்ணிருக்கலாம்லா, அந்தப் புத்தி இல்லியே" என்று அடுப்பிடம் சொல்கிறாள். ஆமாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பர் 13, தீபாவளி

ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

ஃபேக்டரி மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில் அப்பாவுக்கு வேலை. கூட்டிப் பெருக்குவது. துரை அதையாவது கொடுத்தாரே என்கிறார் மாமா. மாதக் கடைசியில் கூலிக்காரர்கள் இருக்கிற லயத்துக்கு மாறவேண்டும். ஒரே அறை. பரீட்சை வரைக்கும் நான் பள்ளிக்கூடம் போகலாம், அதற்கப்புறம் பார்ப்போம் என்கிறாள் அம்மா. பேசிவிட்டாள், அதுவரைக்கும் சந்தோஷம்.

அப்பாதான் பேசவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. திட்டினால்கூடத் தேவலை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். நான் இருக்கிற பக்கம் திரும்புவதில்லை. இன்று மாமா பிரேக்கைச் சரிசெய்து, ஓட்டிப் பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போனார். அப்பா சத்தத்தைக் கேட்டு, "மூணாவது கியருல போடணும் அந்த எடத்துல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் செய்தது சரிதானா? சரி என்றால் ஏன் இப்படி

கதவைத் தட்டுகிறார்கள். நான் உட்கார்ந்து எழுதுகிற அடுப்படிக் கதவை. யாரு இந்நேரத்துக்கு?

அப்பா.

"ஏட்டி முத்துப்பேச்சி, முழிச்சிருக்கியா? கொல்லைக்குப் போவணும். வெளிய ஒண்ணுந் தெரியல. கையக் குடுத்துக் கூட்டிட்டுப் போ."