செத்தை ஒதுங்கிய கல்

நவம்பர் 12, காலை ஆறு நாற்பது. அணைக்குள் இருக்கும் தீவில் நீ கட்டிய மீன்பிடி விடுதியின் தரைக்குக் கீழே ஐந்து வரிசைக் கல். அதில் தண்ணீருக்கு மேலே தெரிவது இரண்டு. அணைக் கரையில் நிற்கிறேன். ஈரச் செத்தை நாற்றம். பரிசல் விடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேலை இல்லை.

காமாலையில் நீ போய் எட்டு மாதம் ஆகிறது, மாப்ள. நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் பெண்டாட்டிதான் விடுதியை நடத்துகிறாள். அதுதான் அவளுக்குச் சோறு.

அது விடுதியானதே வேடிக்கை. வலை காயப்போட உங்கப்பா போட்ட கீற்றுக் கொட்டாய் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து தூண்டிலோடு வந்த இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கினார்கள். அடுத்த வாரம் நாலு பேராக வந்தார்கள். "இன்னாடா இது, மீனு மாட்டுதோ இல்லியோ, ஆளு மாட்டுது" என்றாய். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒன்றும் சிக்கவில்லை. அவர் பக்கெட்டில் இரண்டு ஜிலேபி மீனை நீயே போட்டாய். ஏன் என்று கேட்டேன். "வெறும் பக்கெட்ட தூக்கிக்கினு போனா வூட்ல சும்மா உடுவாங்களா?"

கல் கட்டடமாக மாற்றும்போது நானும் வேலையில் சேர்ந்துகொண்டேன். உங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் வடிந்ததும் செத்தை எந்த உயரத்தில் ஒதுங்கியிருக்கிறதோ அங்கே ஒரு கல் நடுவீர்கள். உங்கப்பா நட்ட கல்லுக்கு மேலேதான் கட்ட வேண்டும் என்றாய். நான் சிவில் டிப்ளமோ. லெவல் மிஷின் வைத்துப் பார்த்து, அணை நிரம்பினாலும் தண்ணீர் அவ்வளவு ஏறாது என்றேன்.

"செத்தையப் பாத்தாடா கட்டடம் கட்டுவாங்க? கீழ கட்டுனா வர்றவங்க படியில ஒக்காந்தே தூண்டில் போடலாம்" என்றும் சொன்னேன்.

நீ கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். "சரி, நீ படிச்சவன். நீ சொல்ற எடத்துலயே போட்டுறலாம்."

கணக்கு சரிதான். ஆனால் அது அணைச் சுவரோரம் அசையாமல் நிற்கும் தண்ணீருக்கான கணக்கு. தீவு இருப்பதோ மலையிலிருந்து ஆறு வந்து விழுகிற மூலையில். மேலே மழை கொட்டினால் இங்கே தண்ணீர் பரவுவதற்கு முன்னால் மேடாக எழும்பும். உங்கப்பா அதைக் கண்ணால் பார்த்து நட்டிருக்கிறார். நான் தாளில் பார்த்தேன்.

தங்கச்சி பக்கத்தில் நிற்கிறாள். "உங்க ஃப்ரெண்டுக்கு எப்பவும் அவசரம்தாண்ணே. மாமனாரு கல்லு அங்க இருக்குது, இவரு இங்க கட்டி வச்சிட்டாரு. கேட்டா சிரிச்சிக்கினே போயிருவாரு."

கடைசிவரை நீ என் பேரைச் சொல்லவே இல்லை. இப்போது நானும் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

இதை எழுதுவதற்குள் ஒரு வரிசைதான் தெரிகிறது. இனி செய்யப்போவது:

1. பரிசல் விட்டதும் போய், மிஞ்சிய கட்டில், பாத்திரங்களைக் கரைசேர்ப்பது.
2. தண்ணீர் வடிந்ததும் செத்தை ஒதுங்கிய இடத்தைப் பார்ப்பது. கல்லைத் தாண்டியிருந்தால் அதை மேலே நகர்த்தி நடுவது. இல்லாவிட்டால் தொடாமல் விடுவது.
3. விடுதியை அந்தக் கல்லுக்கு மேலே கட்டித் தருவது.
4. இடம் சொன்னது நான், உன் அவசரம் இல்லை என்று தங்கச்சியிடம் சொல்வது. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். அவள் இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறாள்.