இருண்மடு ஏரி மன்னரை அழைப்பது குறித்து

கருவேழக் கொடி உயர்க! ஏழ்மலை நாடு மழை பிழையாது வாழ்க! மன்னரை ஈன்றவரும், அவர் திரும்பும் வரை தலைநகரில் அரசு காத்து வீற்றிருப்பவருமான பெருந்தேவியாரின் திருவடிகளுக்கு, இருண்மடு ஏரிக்கரைப் பாசறையிலிருந்து அமைச்சன் கோவன் வணங்கி விடுக்கும் ஓலை. இதில் மன்னர் திருப்பெயரும் இல்லை, தங்கள் திருப்பெயரும் இல்லை. அது மரியாதைக் குறைவன்று, அச்சம். போர்க்களங்களில் நரைத்த கிழவன் கோவன். இன்று ஒரு பெயரை எழுதவும் தான் அஞ்சுவதை வெட்கமின்றித் தெரிவிக்கிறான்.

இருண்மடு நாட்டார் சென்ற அறுவடையில் நம் கொடிக்கீழ் வந்ததும், ஏரியின் நடுத்திட்டுக் கோயிலில் அவர்களை ஏற்றுக்கொள்ள மன்னர் புறப்பட்டதும் தாங்கள் அறிந்தவை. ஏரி கண்ணுக்கு இனியதுதான். சுற்றிலும் மலை, அலையில்லாத நீர், கரையெங்கும் ஆம்பல். பறவை மட்டும் ஒன்றுகூட இல்லை.

துறையில் உலகி என்னும் ஓடக்காரி எதிர்ப்பட்டு ஒரு வேண்டுகோள் வைத்தாள். அந்நீரின்மேல் யாரும் யார் பெயரையும் சொல்வதில்லை என்றும், ஒருவரையொருவர் கூப்பிட ஓடத்தின் விளிம்பில் துடுப்பால் தட்டுவதே தங்கள் வழக்கம் என்றும், கேட்ட பெயரை ஏரி விடாது, உரியவர் வந்து சேரும் வரை அழைக்கும் என்றும் கூறினாள். கட்டியக்காரன் சேந்தன் அதைக் கேட்டுச் சிரித்தான். கட்டியம் முந்திச் செல்லாத இடத்தில் நம் மன்னர் அடி வைப்பதில்லை. ஓர் ஓடக்காரிக்காக அதை விட்டுக்கொடுப்பதா என்றான். அவையோர் அனைவரும் தலையாட்டினர். நம்மவர் வேறெதை விட்டாலும் கட்டியத்தை விடமாட்டார்கள் அல்லவா! சேந்தன் முன்னோடத்தில் நின்று மன்னரின் பெயரையும் பட்டங்களையும் ஒன்று விடாமல் முழங்கி, முறைப்படி தன் பெயரையும் சொல்லி முடித்தான். மலை சூழ்ந்த அவ்விடத்தில் எதிரொலியே எழவில்லை.

அன்று அந்தியில் ஏரி சேந்தனை அழைத்தது, சேந்தனின் குரலிலேயே. விருந்துக்குக் கூப்பிட்டவர் வீட்டுக்குப் போகிறவனாய் அவன் முகமலர்ச்சியோடு நீருக்குள் நடந்தான். பிடிக்க ஓடியவர்கள் கையில் அவன் மேலாடைதான் மிஞ்சியது.

மறுநாள் அந்தியில் அதே குரல் மன்னரை அழைத்தது. ஒரு பட்டம் தவறவில்லை, ஓர் அடைமொழி குறையவில்லை. மன்னர் எழுந்து நடந்தார். மெய்காவலர் இடுப்பளவு நீரில் அவரைப் பற்றி இழுத்தனர். பல்லக்கில் ஏற்றி மலைக்கு அப்பால் கொண்டுபோயும் பார்த்தோம். அங்கே தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து அழைத்தது. இவ்வேரி நீர் சென்ற இடமெல்லாம் குரலும் செல்கிறது. மாரி பிறந்து புதுவெள்ளம் கலந்தால் ஏரி கேட்டதை மறந்துவிடும் என்றும், அதுவரை மன்னரைப் பிடித்து வைக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் அவர் மறுமொழி சொல்லக் கூடாது என்றும் உலகி சொன்னாள்.

ஆகவே ஒவ்வோர் அந்தியிலும் கோவன் மன்னரைக் கூடாரத் தூணில் கட்டுகிறான். மன்னர் மேல் கயிறு போட்ட கைக்கு என்ன தண்டனை என்பது அவனுக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை எழுதியவனே அவன்தான். பகலில் மன்னர் தெளிவாக இருக்கிறார், உண்கிறார். பட்டத்து யானைக்குக்கூட இவ்வளவு முடிச்சு இல்லையே என்று கோவனைக் கேலியும் செய்கிறார்.

இன்று நண்பகலில் அந்தக் கேலி இல்லை. கோவனை அருகில் அழைத்து, “அமைச்சரே, நேற்று அது யாரைக் காண ஆசை என்று அன்பாகக் கேட்டது. அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டேன்” என்றார். பிறகு குழந்தையாய் அழுதார். கோவனும் அழுதான்.

சற்றுமுன் அந்தி சாய்ந்தது. ஏரி மன்னரை அழைக்கவில்லை. மன்னரின் குரலில் தங்களை அழைத்தது.

தங்கள் பள்ளியறைச் சாளரத்தின்கீழ் உள்ள தடாகம் இவ்வேரியின் கால்வாயால் நிரம்புவது. ஆதலால் மன்னர் இன்று பகலிலேயே இட்ட ஆணை இது: ஓலை கண்ட கணமே பெருமதகை அடைக்க, தடாகத்தை வற்றவிட்டு மண்ணால் தூர்க்க, மாரி வரும் வரை மக்கள் கிணற்று நீரே கொள்க. பயிர் கருகும். உழவர் சபிப்பர். அச்சாபம் கோவன் தலையில் விழட்டும்.

மதகு அடைபடும்முன் மகன் குரல் கேட்டால், தேவியாரே, செல்லாதீர்கள். அது பசிக்கிறது என்னும், குளிர்கிறது என்னும். மறுமொழி ஒரு சொல்லும் வேண்டாம். தாயின் மனம் கேட்காது என்பதை அறிந்தே கோவன் இவ்வளவு கடுமையாக எழுதுகிறான்.

இதன்மேல் உள்ள கணையாழி முத்திரை, இன்று பகலில், கட்டவிழ்ந்திருந்த வேளையில், இது வெற்றோலையாய் இருந்தபோதே மன்னர் தம் கையால் இட்டது. அப்போது அவர் ஒரு வாக்கும் தந்தார். மாரிக்குப்பின் உயிரோடு மீண்டால் தங்கள் வாயிலில் நிற்பார். அம்மா என்று அழைக்கமாட்டார். வாய் திறவாமல் நிற்கும் மகனுக்கு மட்டும் கதவைத் திறந்தருள்க.