மருந்துத் தொட்டியும் மின்விசிறியும்

சித்திரை 18, வியாழன்

கல்லூரிப் பட்டிமன்றத்துக்குப் பேச்சு எழுதிக்கொண்டிருந்த மகள் யாழினி கேட்டாள்: "மனுச இனமே அழியாமப் பாக்கறதா, இனி வாரவங்க நல்லா வாழ வழி பண்றதா, எதுங்கப்பா மொதல்ல?"

"மொதல்ல அழியாம இருக்கோணும் சாமி. மத்ததெல்லாம் பொறகு," என்றேன். நோய்க்குப் பயந்து, மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காத எவரையும் கோழிப்பண்ணைக்குள் விடாதவன் நான்.

"உள்ள கோழியெல்லாம் வெக்கையில வாயப் பொளந்துட்டு நிக்குதுங்களே," என்றாள்.

கோபம்தான் வந்தது. ஆனாலும் சாயங்காலம் போய் இரண்டு மின்விசிறி வாங்கி வந்தேன். தானே மாட்டுவதாக ஏணியைத் தூக்கிக்கொண்டு யாழினி பண்ணைக்குப் போனாள். வாசலில் நான் வாய் திறக்கும் முன்பே, மருந்துத் தொட்டியில் இரண்டு காலையும் நனைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள்.