மூன்றாம் சாட்சி

நாள் 1 – 06:10

நான் தே. ஞானசிகாமணி, வயது ஐம்பது. நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஏழாம் நிலையத்தின் பொறுப்புப் பொறியாளர். எனக்குப் பின் இங்கு வருபவர், நிகழ்ந்ததை ஊகிக்க வேண்டியிராமல் அறிந்துகொள்வதற்காகக் கணினி நாட்குறிப்பில் இதை எழுதுகிறேன்.

காற்றழுத்தம் சீர். வெப்பம் இருபத்திரண்டு பாகை. நேற்றைய சூரியப் புயலில் பூமித் தொடர்பு அறுந்தது. ஆக்சிஜன் கருவி பழுது. இருப்பு ஆறாம் நாள் பிற்பகல் வரை. எழுகலத்தில் ஏறி, மேலே சுற்றிவரும் தாய்க்கலத்தை அடைய வேண்டும். எரிபொருள் வால்வுகளைத் திறக்கும் வரிசை: சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள். கணினியில் சரிபார்த்தபின் புறப்படுவேன்.

நாள் 1 – 09:40

சரிபார்க்க இயலவில்லை. கணினி எதையும் மூன்று நகல்களாக வைத்திருக்கும். இரண்டு ஒத்தால் அதுவே உண்மை. புயல் இரு நகல்களை முழுவதும் அழித்துவிட்டது. மூன்றாவதில் ‘சிவப்பு’ உண்டு, ‘மஞ்சள்’ உண்டு, இடையில் வெறுமை.

இரண்டாண்டுகளுக்கு முன் குழாய்களை மாற்றி அமைத்தவன் நானே. பூமியிலுள்ள வரைபடம் பழையது. குழாய்கள் சுவருக்குள் ஓடுகின்றன. நடுவிரண்டும் முன்பின் ஆனால் குழாய் வெடிக்கும். இரண்டாம் முயற்சி கிடையாது. நிலைய விதி 14: ‘மனித நினைவு சான்றாகாது.’ அவ்விதியை எழுதியவனும் நானே.

நாள் 2 – 07:00

இனிக் காலைதோறும் எழுகலத்திலுள்ள வால்வுப் பலகையின் முன் நின்று, வரிசையை உரக்கச் சொல்லிப் பதிவு செய்வேன். மறதிக்கு இடம் தரலாகாது. சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள்.

நாள் 2 – 11:25

தாய்க்கலம் தலைக்குமேல், ஒன்பது நிமிடத் தொடர்பு; அடுத்தது நான்கு நாள் கழித்து. அதை ஓட்டும் செல்வக்கனி, குழாய் மாற்றியபோது இங்கு என் உதவியாளர். அவர் சொன்னது அப்படியே:

“என்னண்ணாச்சி, வால்வுக்கு அடியில மார்க்கர்ல எழுதி வச்சிருந்தேன்லா? அதப் பாருங்க.”

அழித்துவிட்டதாகத் தெரிவித்தேன். கைக்குறிப்பு விதிக்குப் புறம்பு.

“நல்லா இருக்கு! எழுதினது எனக்கு மறந்துபோச்சு. நீங்க ஸ்பிரிட்டு போட்டுத் தேச்சு அழிச்சதுதான் கண்ணுக்குள்ள நிக்குது.”

உதவாத பதில்.

நாள் 3 – 07:00

சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள்.

கணினி ஏற்க மறுக்கிறது: “தனிச்சாட்சி. சான்று போதாது.” அதற்கு மறதி என்றால் முழு மறதி, ஓட்டை இருந்தால் ஓட்டை என்றே சொல்கிறது. எரிச்சலூட்டும் நேர்மை.

நாள் 4 – 07:00

சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். இப்போது ஐயமே இல்லை. வெள்ளை வால்வைத் திருகிய கையின் குளிர்ச்சிகூட நினைவிலிருக்கிறது. ஆனாலும் மறுப்பு. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல ஒரு பெட்டியின் அனுமதி வேண்டியிருக்கிறது!

நாள் 5 – 08:15

கணினி: “சீரமைப்பு முடிந்தது. வரிசை: சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். உறுதி.”

நான் சொன்னதேதான். விண்ணுடை அணிந்தாயிற்று. புறப்படுமுன், விதிப்படி, மூலம் எது என்று கேட்டிருக்கிறேன்.

நாள் 5 – 08:32

விடை: “மூலம்: பொறியாளரின் நாட்குறிப்பு. நாள் 2, 3, 4 ஒத்துள்ளன. நாள் 1 மாறுபாடு, பெரும்பான்மைப்படி விலக்கப்பட்டது.”

என் எதிரொலியை எனக்கே சாட்சியாக நிறுத்தியிருக்கிறது.

முதல் நாள் பக்கத்தைத் திருப்பினேன். நீலம், வெள்ளை. நான் எழுதியதுதான். எழுதியது நினைவில் இல்லை.

நாள் 5 – 14:00

பலகையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறேன். அதில் வால்வுகள் இடமிருந்து வலமாக: சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். காலைதோறும் இதன் முன் நின்றுதான் ஒப்பித்தேன். நினைவைச் சொல்லவில்லை; எதிரில் இருந்ததைப் படித்தேன். கணினி ஒரு பதிவை ஆயிரம் முறை படித்தாலும் பதிவு மாறாது. நான் ஒவ்வொரு முறை எடுத்தபோதும் திருத்தியே திரும்ப வைத்திருக்கிறேன். அந்தக் குளிர்ச்சியும் நானாகச் சேர்த்ததாக இருக்கலாம்.

ஆனால் முதல் நாள் எழுதியது மட்டும் சரி என்பதற்கு என்ன சான்று? ஒன்றுக்கு ஒன்று. இன்னொரு சாட்சி வேண்டும்.

நாள் 6 – 10:50

காற்று நான்கு மணி நேரத்திற்கு. தாய்க்கலம் வந்தது. செல்வக்கனியிடம் இதுவரை எந்த வரிசையையும் நான் சொன்னதில்லை, இன்றும் சொல்லவில்லை. வரிசையைக் கேட்கவுமில்லை. கைக்குறிப்பை அழித்த அன்று எங்களுக்குள் என்ன சண்டை என்று மட்டும் கேட்டேன்.

“இப்ப எதுக்கண்ணாச்சி அது? நீங்க மூஞ்சியத் தூக்கிட்டு ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. வெள்ளைக்குக் கீழ அண்ணாச்சின்னு எழுதினேன், எப்பவும் வெள்ளச் சட்டைதானே போடுவீங்க. நீலத்துக்குக் கீழ மைனின்னு, உங்க சம்சாரத்த. உங்க வீட்டுல மைனி முன்னால போனாத்தானே நீங்க பின்னால போவீங்கன்னு சொன்னேன். அதுக்குத்தான் அவ்வளவு கோவம்!... ஏ, அண்ணாச்சி! இருக்கியளா? சிரிக்கியளா, அழுதியளா?”

தொடர்பு அறுந்தது.

நாள் 6 – 11:30

எழுகலத்தினுள். கணினி நான்காம் முறையாக எச்சரிக்கிறது: “வெள்ளை. உறுதி. வெள்ளை. உறுதி.” வரிசையை மறந்தவர் கேலியை மறக்கவில்லை. அவமானத்தை மறக்காத நான் அதன் காரணத்தை மறந்திருந்தேன். இந்த ஓட்டை நினைவுகளுக்கு எந்த விதியிலும் இடமில்லை.

சிவப்பைத் திறந்தாயிற்று. பழக்கத்தில் வெள்ளையின் மேல் சென்ற கையை இழுத்துக்கொண்டேன்.

விதி 14-ஐ, எழுதியவன் என்ற முறையில், இத்துடன் நீக்குகிறேன். இப்போது நீலத்தைத் திறக்கப் போகிறேன்.