ஆறாவது புத்தகம்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. பெரியவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நீயும் நலமாகத்தான் இருப்பாய். இருக்காமல் என்ன, உன்னை இதுவரை யார் என்ன கேட்டோம்? இப்போது கேட்கப்போகிறேன். உட்கார்ந்து படி.

நம் நாட்டைப் பற்றி வெளியே இருப்பவர்கள் தெரிந்துகொள்ள ஆறு புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து, மொழிபெயர்த்து அனுப்பப்போகிறார்கள். அந்தக் குழுவில் நூலகர் என்று என்னையும் போட்டிருக்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். நீ ஒரு வரி பதில் போடவில்லை. ஏன் என்று நேற்றுதான் புரிந்தது.

நேற்று கடைசிக் கூட்டம், எங்கள் நூலகத்து மாடி அறையில். அங்கே மின்விசிறி போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் ஆள் வெந்துபோவான். ஐந்து புத்தகங்கள் சண்டையில்லாமல் முடிந்தன. ஆறாவதுக்குத்தான் இழுபறி. ஒன்று, பழைய மாளிகைகளைப் பற்றிய வண்ணப்படப் புத்தகம். இன்னொன்று, அரசு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்த ஒரு அம்மா எழுதியது. இரண்டாவதைத்தான் நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. "விருந்தாளி வந்தா ஹால்ல உக்கார வைப்போமா, கொல்லைப் பக்கம் கூட்டிட்டுப் போவோமா?" என்று கேட்டார். ஹாலை மட்டும் காட்டினால் அது வீடில்லை சார், ஃபர்னிச்சர் கடை என்றேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் சிரித்துவிட்டார், ஆனால் மாளிகைப் புத்தகத்துக்குத்தான் ஓட்டுப் போட்டார். மூன்றுக்கு மூன்று.

சமமாக நின்றால் வெளிநாட்டில் இருக்கும் நம் ஆள் ஒருவரின் கருத்துரைப்படி முடிவு செய்வார்கள். அவர் பெயரை உறுப்பினர்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அது விதி. செயலாளர் உறையைப் பிரித்துப் படித்தார். "சுருங்கச் சொன்னால்" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் ஓடியது. பத்து வயதிலிருந்து சுருங்கச் சொன்னால், சுருங்கச் சொன்னால் என்று நீட்டி முழக்குகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

இந்த நூல் நம்மைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்கும் என்று எழுதியிருக்கிறாய். யாரைப் பற்றிடா? நடை சோர்வூட்டுவதால் நாற்பத்தோராம் பக்கத்துக்கு மேல் படிக்க இயலவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நீ எந்தக் குப்பையையும் அட்டை முதல் அட்டை வரை படிப்பவன். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அடி வாங்கியவன். யாரிடம் கதை விடுகிறாய்?

நாற்பத்தோராம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வார்டில் பதினொரு நாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். எட்டாம் நம்பர் படுக்கையில் ஒரு அம்மா. கதவு திறக்கும்போதெல்லாம் "என் பையனா பாருங்க" என்று கேட்கிறாள். கடைசி நாள் மத்தியானம், நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், நர்ஸ் ஒரு பொய் சொல்கிறார். "ஆமாம்மா, வந்துட்டார். வெளிய செருப்பைக் கழட்டிக்கிட்டு இருக்கார்." அந்தப் பொய்யை அந்த நர்ஸம்மா என்னிடமும் சொன்னதில்லை. புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். நம்பினேன். பெற்ற அம்மாவுக்குக்கூட வரவில்லையா என்று ஊர் கேட்டபோது உனக்காக நான்தான் பேசினேன். அதற்கெல்லாம் இன்றுவரை கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் வர முடியாதவன் அதைப் படிக்கவும் மாட்டான், அடுத்தவர்களையும் படிக்க விடமாட்டான் என்றால் எனக்கு ஆத்திரம் வருமா வராதா?

பட்டியலில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நான் போடவில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. மாதக் கடைசி வரை கருத்துரையைத் திருத்தி அனுப்பலாம் என்று செயலாளர் சொன்னார்.

புத்தகத்தை இத்துடன் மறுபடி அனுப்புகிறேன். நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து ஆரம்பி. முழுதும் படித்துவிட்டு, அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் எழுது, வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். வேண்டும் என்று தோன்றினால், அந்தச் செருப்பு வரியை வேறு யாரிடமும் கொடுக்காதே. நீயே மொழிபெயர்.

குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் மேல் கோபமாக இருக்கும்,
அக்கா