மூன்றாவது ரிங்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் கடிதம் கொடுத்தால் சேர்ப்பிக்கிறேன் என்று சொன்னார், அதனால்தான் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அவசரமாக உட்கார்ந்திருக்கிறேன். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, தலைகால் புரியாமல் திரிகிறான். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, உன் அப்பா நாளைக்கு நாளைக்கு என்கிறார். எங்கள் கம்பெனியில் வெள்ளைச் சட்டை ஆர்டர் நின்றுபோய் இப்போது ஸ்ட்ரெச்சர் துணி தைக்கிறார்கள். நான் செக்கிங்கில் ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்து அனுப்புகிறேன். லேபிளில் இருக்கிற நாடு அங்கே உன்னைச் சுற்றி நடக்கிற இந்தச் சண்டையிலேயே இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டேன், "முன்கூட்டியே வாங்கி வைக்கிறாங்கம்மா, நமக்கென்ன" என்றார். முதல் நாள் இதில் யார் படுப்பார்களோ என்று நினைத்துக்கொண்டே மடித்தேன். இப்போது ஒன்றும் இல்லை, சட்டை மாதிரிதான் மடித்து வைக்கிறேன்.

உன் அப்பாவும் மாடிவீட்டு வக்கீலும் டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. இது உலகப் போராக மாறுமா மாறாதா என்பதுதான் தினமும் வழக்கு. "பெரிய நாடுங்க வரமாட்டாங்க சார், வியாபாரம் படுத்துடும்" என்பார் வக்கீல். "ஒருத்தன் கை தவறி ஒரு குண்டைப் பக்கத்து நாட்டுல போட்டா போதும், எல்லாரும் ஒவ்வொருத்தரா இறங்கிடுவாங்க" என்பார் அப்பா. நடுவில் என்னைப் பார்த்து நீ என்ன சொல்றே என்பார்கள். நான் என்ன சொல்ல, நீ இருக்கிற தெருவுக்கு அது வந்தாயிற்று, இன்னும் எத்தனை தெருவுக்குப் போனால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதைச் சொல்லாமல் டீ போட எழுந்து போய்விடுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீதானே சொன்னாய், போனில் பேச்சு அறுந்து அறுந்து போகிறது, உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு வேலை ஓடாது, அதனால் காலையில் இரண்டு ரிங் கொடுத்து வைத்துவிடுகிறேன், எடுக்காதீர்கள், அடித்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம் என்று. போன வாரம் ஒருநாள் சாயங்காலம் அடித்தது. உன் நம்பர். இரண்டோடு நிற்கவில்லை, முழுக்க அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. நான் கையை நீட்டினேன், அப்பா டிராஃபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டி "எடுக்காதே, அவ சொன்னது மறந்துபோச்சா, இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கா போல, அடிக்கட்டும்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் போனுக்கு முன்னால் பாட்டுக் கேட்கிற மாதிரி நின்று கேட்டோம் பாப்பா. மறுநாள் காலையில் வழக்கம்போல் இரண்டு ரிங் வந்தது, நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

நேற்று உன் அறைத்தோழியின் அப்பா வந்து சொன்னார். அந்தச் சாயங்காலம்தான் உங்கள் ஆஸ்பத்திரி மேல்மாடியில் குண்டு விழுந்ததாம், நோயாளிகளோடு நீங்கள் எல்லோரும் அடித்தளத்தில் இருந்தீர்களாம், இதுதான் கடைசி என்று ஆளாளுக்கு வீட்டுக்குப் பேசினார்களாம். நீ மட்டும் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாயாம். வீட்டில் யாரும் இல்லையா என்று அவள் கேட்டதற்கு, "இருக்காங்க, எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிவச்சிருக்கேன்" என்றாயாம். அவர் போனபிறகு அப்பா டிவியை நிறுத்தினார். வக்கீல் வந்து, இன்னொரு நாடும் படையை அனுப்பிவிட்டது சார், நீங்கள் சொன்னதுதான் சரி என்றார். அப்பா எழுந்து போய் போனை சார்ஜில் போட்டார். எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன்.

இன்று காலையில் அப்பா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடித்ததும் எடுக்கப் பார்த்தார், பச்சைப் பொத்தானைத் தள்ளுவதற்குள் இரண்டு ரிங்கோடு நீ வைத்துவிட்டாய். நாங்கள் திரும்ப அடித்தால் உனக்குப் போகவே மாட்டேன் என்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, ஜன்னல் பக்கம் படுக்காதே. தீர்க்காயுசாக இருப்பாய், எங்கள் ஆயுசும் உனக்கே சேரட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே, மூன்றாவது ரிங் வரைக்கும் வைக்காமல் இரு. நீ எதுவும் பேச வேண்டாம். நாங்கள் எடுக்கிறோம்.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே இருக்கும்
உன் அம்மா